நெற்றியை முதலில் பார்

பட்டனை அழுத்தியதும் படத்திலிருந்த நிறமெல்லாம் போயிற்று. கூடவே மணப்பெண்ணின் சேலைக் கரையும் போயிற்று. அரக்கு உடல், பச்சைக் கரை என்று கண்ணைப் பறித்த கோர்வைப் பட்டு ஒரே சாம்பல் துணியாகிவிட்டது. "ஆட்டோல போட்டா இப்படித்தான் சார், பார்டரை முழுங்கிரும்" என்றார் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண். சிவப்புக்கான ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தார், உடல் கறுத்தது. பச்சையை வலப்பக்கம் தள்ளினார். கரை வெளுத்து மேலே வந்தது.

நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு பழைய கணக்கு உண்டு, தொலைக்காட்சிக் காலத்தது. சிவப்பில் 30 பங்கு, பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்ட வேண்டும். மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும் என்பதால் அதற்குப் பெரும் பங்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அடர்ந்த அரக்கும் அடர்ந்த பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து விழுகின்றன. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடா ஓட்டி நெய்தவரின் உழைப்பை அந்தக் கூட்டல் ஒரு நொடியில் அழித்துவிடும்.

கரை வந்த பிறகு அவர் படத்தைப் பெரிதாக்கினார். மணப்பெண்ணின் நெற்றி, தாயாரின் நெற்றி, பின்னால் நிற்கும் அத்தை, சித்தி நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்தக் கடையின் விதி அது: கறுப்பு வெள்ளைப் பக்கம் என்றால் நெற்றியை முதலில் பார். சிவப்பை வலப்பக்கம் ஏற்றிவிட்டால் குங்குமம் தோலோடு கலந்து காணாமல் போகும். தாலி ஏறிய அரை மணியில் எடுத்த படத்தில் ஒரு பெண் வெறும் நெற்றியோடு நின்றால் அந்த ஆல்பத்தை எந்த வீட்டில் வாங்குவார்கள்? வெளிநாட்டுப் பயிற்சி வீடியோ எதிலும் இந்த விதி இருக்காது.

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுத்துக்கொண்டு வரும் படங்களை ஆல்பமாக்குவது இவர்கள் தொழில். முதலாளி அறுபதைத் தாண்டியவர், இருட்டறையில் தொழில் கற்றவர். அந்த இருட்டறையில் இப்போது ஆல்பப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்த மாட்டார். 1960இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் இன்று இல்லை. சுவரில் அவர் ஃபிலிமில் எடுத்த கள்ளழகர் படம் தொங்குகிறது: தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் காட்சி. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை வைத்துத்தான் அந்த வருடத்து விளைச்சலைச் சொல்வார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சேதிக்கு வழியில்லை. "பின்னாடி பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், பச்சைனு" என்றார்.

கல்யாண ஆல்பத்தில் கறுப்பு வெள்ளையா என்று பாட்டிமார்கள் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஞாபகம் வருகிறதாம். கேட்பதெல்லாம் மணமக்கள்தான். முழு ஆல்பமும் அல்ல, இரண்டு மூன்று ஷீட்.

இதில் ஒரு வேடிக்கை, டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது என்பது. எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. அதன்மேல் கட்டம் கட்டமாகச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு: நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. வெறும் வெளிச்சமாக வந்ததற்கு நிறம் ஏற்றி, ஏற்றிய நிறத்தை இந்த மாடியில் மறுபடி இறக்குகிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். ஆனால் சுற்றாமல் நேராகத் தொட்டால் கரையை மீட்க ஸ்லைடர் இருக்காது. கேமராவிலேயே மோனோகுரோம் வைத்து ஜேபெக்காக மட்டும் எடுத்தால் நடப்பது அதுதான். நிறத் தகவல் அங்கேயே கழிந்துபோகும். மிச்சமிருப்பது 256 படிச் சாம்பல். அதே காட்சி 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 16,384 படிகளோடு இருக்கும்.

கடைக்குக் கேண்டிட் எடுக்கும் இளைஞர் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார். ஜேபெக் மோனோகுரோமில் இருப்பதால் வியூஃபைண்டரில் உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். "கலர்ல பாத்தா கண்ணு சிவப்புச் சேலைக்கே ஓடுதுண்ணே. இதுல வெளிச்சம் எங்க விழுதுனு மட்டும் தெரியும்." விடிவதற்கு முன் என்னை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அழைத்துப் போனார். முகூர்த்த நாள் இல்லாதபோது கை பழகுவதற்காக அவர் போகும் இடம்.

நிறப் படக்காரருக்கு அந்தச் சந்தை நரகம். ஒரு கடையில் மஞ்சள் பல்பு, அடுத்ததில் வெளிறிய எல்இடி, மேலே நீலத் தார்ப்பாய். ஒரே முகத்தின் இரண்டு கன்னத்தில் இரண்டு நிறம் விழும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வேறொரு தொல்லை வருகிறது: மல்லிகை. குவியல் படம் முழுக்க நிறைந்திருந்தால் மீட்டர் அதைச் சராசரிச் சாம்பலாக்கிவிடும், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். சுற்றிலும் இருட்டு, நடுவில் சின்னக் குவியல் என்றால் அதே மீட்டர் இருட்டுக்கு இரங்கிப் பூவை எரித்துவிடும், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரில் முட்டாமல், ஆனால் அதன் அருகில் வந்து நிற்கும்படி வைக்கிறார். மொக்கின் காம்பும் இதழ் மடிப்பும் தெரிய வேண்டும், ஆனாலும் பார்த்ததும் வெள்ளை என்று தோன்ற வேண்டும். அன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் கருமையிலிருந்து வெண்மைவரை பதினொரு மண்டலமாகப் பிரித்தார்களே, அதில் ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட இடம் இது. இளைஞருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. பூவை எரித்தால் எடிட்டர் அக்கா திட்டுவார் என்பது தெரியும். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்தார். நிறத்தில் அழுக்காகத் தெரியும் புள்ளிகள் கறுப்பு வெள்ளையில் ஃபிலிமின் மணல்போலத் தோன்றி மன்னிக்கப்படுகின்றன.

இந்த மன்னிப்பைக் கடைகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. மண்டப மேடையில் ஊதா எல்இடி விளக்கு மாப்பிள்ளை முகத்தில் அடித்த படங்களைக் காட்டினார்கள். நீலத் தகவல் எரிந்து, தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதில் பச்சைத் தகவலை மட்டும் உருவி எடுத்தால் முகம் மனித முகமாகிறது. வாடிக்கையாளருக்கு அது 'ஆர்ட்டிஸ்டிக் ஷீட்'. எனக்கு இதில் ஆட்சேபம் கொஞ்சம் உண்டு. கலையென்று நாம் வியக்கும் பக்கங்களில் பாதி, விளக்குக்காரர் செய்த கோளாறுக்குப் போட்ட ஒட்டு.

நிற வடிகட்டியே இல்லாத கேமராக்களும் இருக்கின்றன. லைக்கா 2012இல் எம் மோனோகுரோமைக் கொண்டுவந்தது. 2023இல் பென்டாக்ஸும் ஒன்று வெளியிட்டது. வடிகட்டி தின்னும் ஒளி மிச்சமாவதால் இருட்டில் படம் சுத்தமாக வரும், ஊகித்து நிரப்பும் வேலை இல்லாததால் கூர்மையும் அதிகம். இளைஞருக்கு அதன்மேல் ஒரு கண். முதலாளி சிரித்தார். லைக்கா விலைக்குக் கார் வாங்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதில் பின்னால் இழுக்க ஸ்லைடர் கிடையாது. பழையபடி லென்ஸுக்கு முன்னால் மஞ்சள், பச்சை, சிவப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். "ரெட் ஃபில்டர் மலைக்கு, மேகத்துக்கு. கல்யாணத்துக்கு மாட்டுனா ஒருத்தி நெத்தியிலயும் குங்குமம் இருக்காது. முகூர்த்தத்தை மறுபடி நடத்தச் சொல்லுவியா?"

கடையில் எனக்கு அதிகம் உறுத்தியது ஆரஞ்சு ஸ்லைடர். லைட்ரூமில் கறுப்பு வெள்ளைக்கு எட்டு நிற ஸ்லைடர்கள். மனிதத் தோல் மாநிறமோ கறுப்போ சிவப்போ, மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஆரஞ்சுதான். நாம் பெண் பார்க்கப் போகும்போது பிரித்துப் பேசுவதெல்லாம் அந்த ஆரஞ்சு எவ்வளவு இருண்டிருக்கிறது என்பதை. ஸ்லைடரை வலப்பக்கம் நாற்பது தள்ளினால் மாநிறப் பெண் சிவத்த பெண் ஆகிவிடுவாள். நிறப் படத்தில் இப்படி வெளுத்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று பொய் பல்லிளிக்கும். கறுப்பு வெள்ளையில் கையும் கழுத்தும் சேர்ந்தே வெளுக்கும். ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இது புதிதல்ல என்று முதலாளி பழைய டெஸ்க் ஒன்றைக் காட்டினார். கீழே விளக்கு, மேலே பால் கண்ணாடி. அதன்மேல் நெகடிவை வைத்துக் கூர்சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார்கள். பென்சில் பட்ட இடத்தில் நெகடிவின் அடர்த்தி கூடும், பிரின்டில் அந்த இடம் வெளுக்கும். முகத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால் பிளேடால் நெகடிவைச் சுரண்ட வேண்டும். கை வழுக்கினால் நெகடிவே போச்சு. அதனால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கருவியே வெளுப்பின் பக்கம் சாய்ந்திருந்த காலம் அது. இன்றைய ஸ்லைடர் இரண்டு பக்கமும் நூறு நூறு போகும். கை மட்டும் பென்சில் போன வழியிலேயே போகிறது.

எப்போதும் அல்ல. அதே கல்யாணத்தின் நாதஸ்வரக்காரர் படத்தை எடிட்டர் திறந்தார். கெட்டிமேளத்தில் கன்னம் உப்பி, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ஆரஞ்சை இருபது இறக்கினார். தோல் கறுக்கக் கறுக்க, கன்னத்தின் வியர்வையில் விழுந்த வெளிச்சம் தனியாகப் பிரிந்து நின்றது. "கறுத்த தோல்லதான் சார் லைட் நிக்கும்" என்றார். அருமையான படம். பக்கத்து ஷீட்டில் மணப்பெண் முப்பத்தைந்து ஏறியிருந்தாள். நாதஸ்வரக்காரருக்குக் கிடைத்த நியாயம் இந்தப் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அவரு ஆல்பம் வாங்கலையே சார்."

ஆனாலும் அவரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மணப்பெண்ணின் தனிப்படத்தை இரண்டு விதமாகச் செய்து பெண்ணுக்கு மட்டும் வாட்ஸாப்பில் அனுப்புவார்: ஒன்று ஏற்றியது, ஒன்று ஆரஞ்சைத் தொடாதது. எது எதென்று சொல்ல மாட்டார். நான் இருந்தபோதே பதில் வந்தது. தொடாத படம் மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்துக்கு, ஏற்றியது அம்மா வீட்டு ஆல்பத்துக்கு. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் எதிர்பார்த்தது நேர்மாறாக. எடிட்டருக்கும் வியப்புதான் போலிருக்கிறது, செய்தியை இரண்டு தரம் படித்தார். முதலாளி அதற்குள் அடுத்த கவலைக்குப் போயிருந்தார். லேபில் நிறப் பேப்பரில்தான் கறுப்பு வெள்ளையும் அச்சாகும். ரசாயனம் கொஞ்சம் பிசகினாலும் சாம்பல் பச்சைக்கோ மெஜந்தாவுக்கோ சாயும். சாய்ந்தாலும் தெரியாமலிருக்க, இவர்களே மெல்லிய பழுப்பு கலந்து அனுப்புகிறார்கள். "ரெண்டுக்கும் ஒரே டோன் போடு. ஃபைல் பேரை மாத்தி வைம்மா, லேப்ல ஆல்பத்தை மாத்திக் கட்டிருவாங்க."