பியானோவுக்கு அடியில் தூங்கிய மாணவன்

அரியர் வச்சிருக்கீங்களா மக்களே? 1937-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சேர்ந்த ஒருத்தர் பட்டம் வாங்கினது 1947-ல். நடுவில் போர் வந்தது உண்மைதான், ஆனா முதல் வருஷத்திலேயே அவரை இரண்டு தடவை வெளியே அனுப்பிட்டாங்க. காரணம், கட்டாய அரசியல் பாட வகுப்புகளுக்கு அவர் போகவே இல்லை. அவர் பெயர் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர். இன்னைக்கும் பியானோ உலகம் தலைமேல் வச்சுக் கொண்டாடும் பெயர்.

நான் சொல்ல வந்தது அவரைச் சேர்த்துக்கிட்ட வாத்தியாரைப் பத்தி. ஹைன்ரிக் நொய்ஹவுஸ், 1888-ல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே பியானோ ஆசிரியர்கள். 1922-ல் இருந்து மாஸ்கோவில் வகுப்பு எடுத்தார். ஒருத்தருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்களும் அதே அறையில் உட்கார்ந்து கேட்கலாம். முதல்ல இசை மனசுக்குள்ள கேட்கணும், விரல் அதுக்கு அப்புறம்தான் என்பது அவர் கட்சி. 1958-ல் அவர் எழுதிய புத்தகத்தை பியானோ படிக்கிறவர்கள் இன்னும் படிக்கிறார்கள்.

அவர் முன்னாடி 22 வயசில் ஒடெஸாவிலிருந்து வந்து நின்றார் ரிக்டர். ஒபெரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்தவர், முறையான பியானோ படிப்பு கிடையாது. அந்த வயசில் தொடங்குவது ரொம்ப லேட். நொய்ஹவுஸ் வாசிக்கச் சொன்னார், கேட்டார், இவன் மேதைன்னு பக்கத்திலிருந்த மாணவரிடம் மெதுவாகச் சொன்னார். சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லைன்னு பின்னாளில் ஒத்துக்கொண்டார். இருந்தும் சேர்த்துக்கிட்டார். வெளியே அனுப்பப்பட்ட பையன் ஊருக்குக் கிளம்பிட்டப்போ, திரும்பி வான்னு கடிதம் எழுதினார். தங்க இடமில்லாதவனைத் தன் வீட்டிலேயே பியானோவுக்கு அடியில் தூங்க விட்டார்.

1941-ல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது, ஜெர்மன் வம்சாவளி என்பதால் நொய்ஹவுஸைப் பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். பிறகு யூரல் பக்கம் ஸ்வெர்த்லோவ்ஸ்க்குக்கு நாடுகடத்தல். அங்கேயும் பாடம் நடத்தினார். 1944-ல் மாஸ்கோ திரும்பினார்.

இதையெல்லாம் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு. போன செமஸ்டர் எங்க மியூசிக் கிளப் ஆடிஷனில் நானும் ஒரு ஜட்ஜ். ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி பழைய கீபோர்டோட வந்தான்.

"கிரேடு எக்ஸாம் ஏதாவது எழுதியிருக்கியா?"

"இல்லண்ணா, யூடியூப் பாத்துதான்."

"நெக்ஸ்ட்"னு சொல்லிட்டேன். மணி எட்டு, மெஸ் மூடிடும்னு அவசரம். அவன் ஒரு நோட்டு கூட வாசிக்கலை. உறையில் கீபோர்டைத் திருப்பி வைக்க ஜிப் மாட்டாமல் தடுமாறினான், நான் அடுத்த பெயரைப் படிச்சுட்டு இருந்தேன்.

அவன் மேதையா, சுமாரா? எனக்குத் தெரியாது. கேட்டாத்தானே தெரியும்!

நேத்து ஹாஸ்டலில் விசாரிச்சு அவன் ரூமுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் அந்த உறை இருந்துச்சு. "வாசிக்கிறியாடா"ன்னு கேட்டேன். "இப்பவாண்ணா?"ன்னு கேட்டுக்கிட்டே பிளக் பாயிண்டைத் தேட ஆரம்பிச்சான்.