குறுக்குவிசை கேளாதபோது

படம் அமைக்கும் மென்பொருளில் கை தேர்ந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். வலக்கை சுட்டியைப் பிடித்திருக்கும். இடக்கை விசைப்பலகையின் இடது கோடியிலேயே குடியிருக்கும். 'வி' என்றால் அம்பு, 'பி' என்றால் தூரிகை, கண்ட்ரோலும் இசட்டும் சேர்ந்தால் செய்ததைத் திரும்பப் பெறுதல். குறுக்குவிசை என்று எழுதுகிறோம். ஷார்ட்கட் என்று பேசுகிறோம். ஒழுங்காக நடக்கும் வரையில் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. ஒருநாள் கோடு கோணலாகிவிடும். கண்ட்ரோல் இசட்டை அழுத்துவோம். கோடு அசையாது நிற்கும். மறுபடி அழுத்துவோம், இன்னும் பலமாக! பலத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று தெரிந்திருந்தும் பலமாகவே அழுத்துவோம்.

வெளியூரில் படிக்கும் நமக்கு இது சிறு தொல்லையன்று. தமிழ் எழுத்துக் கோத்துத் தரும் அச்சகம் இங்கே நமக்குக் கிடைப்பதில்லை. விழா அழைப்பிதழ், சுவரொட்டி, இம்மலரின் பக்கங்கள் அனைத்தும் விடுதி அறைகளில் நம் லேப்டாப்புகளிலேயே உருவாகி அச்சுக்குப் போகின்றன. விசை நின்றால் தமிழும் நிற்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு அழைப்பிதழ் அமைத்துக்கொண்டிருந்தார் முதலாண்டுத் தம்பி ஒருவர். காலையில் அச்சுக்குப் போகவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் அவருடைய குறுக்குவிசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அறையில் கூடிய மூத்தவர்களுள் ஒருவர், "தமிழ் கீபோர்டை எடுத்துவிடு தம்பி, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். இன்னொருவர், "பேசாமல் ஆங்கில எழுத்திலேயே அடித்துவிடு, எல்லாருக்கும் புரியும்" என்றார். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணா, பொங்கல் அழைப்பிதழையா ஆங்கில எழுத்தில் அடிப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

விசை கேளாதபோது நாம் முதலிற் கேட்கவேண்டியது, "இந்த அழுத்தம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?" என்பதே. பெரும்பாலும் விசை கெட்டிருக்காது. கட்டளை இடையிலே வேறொருவர் கையிற் சிக்கியிருக்கும். ஆகவே முதற் சோதனை மிக எளியது. அதே கட்டளையை மேலேயுள்ள பட்டியலிலிருந்து சுட்டியால் தேர்ந்தெடுங்கள். அது நடந்தால் மென்பொருள் நலமாகவே இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. அடுத்து, வேறொரு மென்பொருளைத் திறந்து அதிலும் அவ்விசையை அழுத்திப் பாருங்கள். அங்கும் ஊமையாக இருந்தால் விசைப்பலகையையோ இயங்குதளத்தையோ பார்க்கவேண்டும்.

இடைமறிப்பவர் பலர். எழுத்துப் பெட்டிக்குள் துடிகோல் மின்னிக்கொண்டிருந்தால், தூரிகை வேண்டி நீங்கள் அழுத்தும் 'பி' ஓர் எழுத்தாக உள்ளே போய் விழும். எஸ்கேப் அழுத்தி வெளியே வா என்பார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அது சரி. ஃபோட்டோஷாப்பிலோ அமைப்பைப் பொறுத்து அடித்த சொற்களையே அது கைவிட்டுவிடக்கூடும். அங்கே கண்ட்ரோலுடன் எண்டர் அழுத்துவது பத்திரம். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் 'ஒட்டும் விசை' வேண்டுமா என்று கேள்வி வரும். படிக்காமல் ஆம் என்றால், அதன்பின் ஷிஃப்டும் கண்ட்ரோலும் கையை எடுத்த பின்னும் பிடித்துக்கொண்டே இருப்பவைபோல் நடந்துகொள்ளும். மாக் கணினியில் கமாண்டும் இடைவெளி விசையும் சேர்ந்தால், ஃபோட்டோஷாப்புக்கு முன்பே இயங்குதளத்தின் தேடற்பெட்டி வந்து அதைப் பறித்துக்கொள்ளும்.

நிற்க. நம்மைப் போன்றோர்க்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் அன்றிரவு நேர்ந்தது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற பலகை தமிழ்99. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். குறுக்குவிசைகள் குடியிருக்கும் இடமும் அதுவே அல்லவா? இசட் இருந்த இடத்தில் ஔ. எக்ஸ் இருந்த இடத்தில் ஓ. சி இருந்த இடத்தில் ஒ. 'வி' மாத்திரம் நல்லவேளையாக வ-வாகவே இருக்கிறது! மென்பொருள்களில் சில, விசையின் இடத்தைப் பார்த்துக் கட்டளையை அறிகின்றன; சில, அவ்விடத்தில் பிறக்கும் எழுத்தைப் பார்க்கின்றன. பின்னதற்கு நாம் கண்ட்ரோலுடன் ஔ அழுத்தியதாகத்தான் தெரியும். அது என்ன செய்யும், பாவம்! ஒரே விசை ஒரு மென்பொருளில் நடந்து மற்றொன்றில் நடக்காத மாயமும் இதனால்தான்.

"நான் தமிழுக்கு மாற்றவே இல்லையே" என்றார் தம்பி. அவர் சொன்னது உண்மை. இல்லஸ்ட்ரேட்டர் முதலியவற்றில் ஓர் உருவத்தை நடுவிலிருந்து அளவு குலையாமல் பெரிதாக்க ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். விண்டோஸில் இடப்பக்கத்து ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் மொழி மாறும் வழக்கமும் உண்டு. கோலத்தைப் பெரிதாக்கினார்; மொழி மாறிவிட்டது. திரையின் மூலையில் ஒரு சிறு எழுத்து மாறியதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

மருந்து எளிது. விசைப்பலகை அமைப்புகளுக்குள் மொழி மாற்றும் விசைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஆல்ட்-ஷிஃப்டை நீக்கிவிடலாம். விண்டோஸ் விசையும் இடைவெளியும் சேர்ந்தது மொழி மாற்றப் போதும். ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் வசதியும் அவ்விடத்திலேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், எழுதும் சாளரம் தமிழையும் படச் சாளரம் ஆங்கிலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

மென்பொருளின் அமைப்புகளை முழுதும் அழித்துவிடு என்பது இன்னொரு பிரபல யோசனை. ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்திருந்தால் அழிக்கட்டுமா என்று அதுவே கேட்கும். ஆனால் நாம் அமைத்துவைத்த பலவும் அதோடு போய்விடும். எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகச் செய்யத்தக்கது அது. முதலிலேயே அதைச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

தமிழ்ப் பலகையை எடுத்துவிடு என்ற மூத்தவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதில் நடைமுறை உண்மை இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் சுவரொட்டிகளில் உயிரோடிருப்பதற்கு அந்த உண்மையும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். பாமினியில் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று அடித்தால் திரையில் 'தமிழ்' தெரியும். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் கூட்டமே. பலகை மாறுவதில்லை, குறுக்குவிசையும் சாவதில்லை. ஆனால் அப்படி அமைத்த மலரில் 'தமிழ்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற குப்பை வரும். பத்தாண்டு கழித்து இம்மலரில் ஒருவர் தம் பெயரைத் தேடினால் கிடைக்கவேண்டாமா? ஒருங்குறியில்தான் அடிக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

அடுத்த அறை வங்காள நண்பர், தம் பலகையில் 'பி' அழுத்தினாலும் தூரிகை வருவதில்லை என்று கடந்த வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலையில் மொழிக்குறியைப் பார்த்தோம், ஆல்ட்-ஷிஃப்டை நீக்கினோம், ஐந்து நிமிடத்தில் தூரிகை வந்துவிட்டது. சரஸ்வதி பூசைக்கான அழைப்பிதழாம், வங்காள எழுத்திலேயே அச்சாகிறது.