எதைத் தொடமாட்டீர்கள்?

2018 மே முதல் 2022 நவம்பருக்குள் நாலு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'மாற்றம் வந்துடுச்சு' என்று பட்டாசு போடுவார்கள். நான் சேர்ந்துகொள்வதில்லை. "நீ பழமைவாதிடா" என்றான் நண்பன். இருக்கலாம்.

எங்கள் குடும்பம் பிராங் பெசார் தோட்டத்திலிருந்து டெங்கிலுக்கு வந்தது. முதல் உலகப்போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. பெயருக்கே 'பெரும் போர்' என்றுதான் அர்த்தம். 1990களில் அந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. நாலு தோட்டத்து மக்கள் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். சில வருடங்களில் சுவரெல்லாம் விரிசல்.

சிவில் இன்ஜினியரிங் படித்த கையோடு, மண் இறங்குவதைப் பாட்டிக்கு விளக்கினேன்.

"லயத்து வீடு பலகை வீடுதான்யா. ஆனா கோயிலு, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு சனம் எல்லாம் கூடவே இருந்துச்சு" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் வேறு விரிசலைச் சொன்னார்.

புத்ராஜெயா வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதும் அதுதான். ஆனால் அடுத்த தேர்தலில், எதையெல்லாம் மாற்றப்போகிறோம் என்று பட்டியலோடு வரும் வேட்பாளரிடம் ஒன்று கேட்கணும்: எதைத் தொடமாட்டீங்க?