முதலில் கிளாம்ப், பிறகு கரண்ட்

சத்துவாச்சாரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

உன் கேள்விக்கு வருகிறேன். "நான் கரண்டைத்தானே கொடுக்கிறேன், வோல்டேஜ் தானாக வந்துவிட்டுப் போகிறது. அதற்கு எதற்குக் கிளாம்ப்?" என்று கேட்டிருக்கிறாய். அந்தத் 'தானாக'தான் ஆபத்து. சொன்ன கரண்ட் ஓடாவிட்டால், கரண்ட் சோர்ஸ் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். எதிரே சிப் இருக்கிறதா, வெறும் காற்றா என்று அதற்குத் தெரியாது. அந்த வோல்டேஜ் ஏற்றத்துக்கு நாம் வைக்கும் வரம்புதான் கிளாம்ப்.

மாமா ஆம்பூர் லேபில் பார்க்கும் ஷூவையே எடுத்துக்கொள். ஆன்டிஸ்டாடிக் சேஃப்டி ஷூவின் ரெசிஸ்டன்ஸ் 100 கிலோ ஓமுக்கும் 1000 மெகா ஓமுக்கும் நடுவே இருக்க வேண்டும். அங்கே 100 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். அதற்குப் பதில் 1 மைக்ரோ ஆம்பியரைத் திணித்தால், 100 கிலோ ஓம் ஷூவில் 0.1 வோல்ட் வரும். 1000 மெகா ஓம் ஷூவில் 1000 வோல்ட்! கரண்ட் என்னவோ அதே ஒரு மைக்ரோதான்.

உன் சிப் டெஸ்டரில் முதல் டெஸ்ட் கன்டினியூட்டிதானே? சப்ளையை 0 வோல்ட்டில் வைத்து, சிப்பின் ஒரு பின்னிலிருந்து 100 மைக்ரோ ஆம்பியரை வெளியே இழுப்பாய். உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு நன்றாக இருந்தால் மைனஸ் 0.65 வோல்ட் வாக்கில் ரீடிங் வரும். ஷார்ட் என்றால் பூஜ்யம். ஓப்பன் என்றால் நீ போட்ட கிளாம்ப் எண்ணே ரீடிங்காக வந்து நிற்கும்.

இதை மறக்காதே. பாஸ் லிமிட் மைனஸ் 0.2 முதல் மைனஸ் 1 வரை என்று வை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கிளாம்பை மைனஸ் 0.9-இல் போட்டால், கம்பியே அறுந்த பின்னும் மைனஸ் 0.9 காட்டி பாஸ் ஆகிவிடும். கிளாம்ப் எப்போதும் லிமிட்டைத் தாண்டியே இருக்க வேண்டும். அதுவும் ஒட்டினாற்போல் அல்ல. கிளாம்பை நெருங்கும்போதே கரண்ட் குறைய ஆரம்பிக்கும், அளவு பொய்யாகிவிடும். இந்த டெஸ்டுக்கு மைனஸ் 2 போதும்.

அப்படியானால் 10 வோல்ட் வைத்துவிடலாமே என்பாய். சாக்கெட்டில் போகோ பின் ஒரு கணம் விலகினால் போதும், லைனிலுள்ள கெபாசிடன்ஸ் முழுதும் 10 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகிவிடும். மறுபடி தொடும்போது அவ்வளவும் சிப்புக்குள் கொட்டும். இந்த எனர்ஜி வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும்: 2 வோல்ட்டுக்கு இருப்பதைப்போல் 10 வோல்ட்டில் 25 மடங்கு. நீ கொடுத்தது 100 மைக்ரோதான் என்று அந்த நேரத்தில் சொல்லிப் பயனில்லை.

ஒரே எண்ணை எல்லா டெஸ்டுக்கும் காப்பி அடிக்காதே. 5.1 வோல்ட் ஜீனருக்கு 2 வோல்ட் கிளாம்ப் போட்டால் 5 மில்லி ஆம்பியர் ஓடவே ஓடாது. 2 வோல்ட் ரீடிங் மட்டும் வரும். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3 வோல்ட் வாக்கில் வேண்டும், ஐந்தை வரிசையாகக் கோத்தால் 15. ரீடிங் வந்ததும் கிளாம்ப் அலாரம் அடித்ததா என்று பார்த்துவிட்டே நம்பு.

முறையும் முக்கியம்: கரண்டைப் பூஜ்யத்தில் வை, கிளாம்பைப் போடு, ரிலேயை மூடு, பிறகு கரண்டை ஏற்று. முடிந்ததும் முதலில் கரண்டைப் பூஜ்யமாக்கு, அப்புறம் ரிலேயைத் திற.

புது டெஸ்ட் எழுதும்போது நான்கு எண்களைத் தாளில் எழுதிப் பார்: நல்ல சிப் காட்டும் வோல்டேஜ், பாஸ் லிமிட்டின் பெரிய எண், கிளாம்ப், சிப்புக்குக் கெடுதல் தொடங்கும் அளவு. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் அவை இதே வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். வரிசை குலைந்தால் டெஸ்டைத்தான் திருத்த வேண்டும், சிப்பைக் குறை சொல்லாதே.

தீபாவளிக்கு எப்போது கிளம்புகிறாய்? கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் போன் பண்ணு, மாமா வண்டியோடு வருவார். வரும்போது உன் லிமிட் ஷீட்டையும் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா