பொன்முடியில் ஒரு வாட்காப்பு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்ததும் மலையேற்றம் தொடங்கும். 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் மஞ்சு தவழும் புல்வெளி. பிழைப்பு நாடி இத்தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் அங்குச் சென்று ஒரு பகலைக் கழித்து வருவது நெடுநாளைய வழக்கம். ஆனால் சென்ற மார்கழியில் நாம் சென்றது காட்சி இன்பத்திற்காக அன்று. அம்மலைச் சரிவில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மை அழைத்திருந்தார். நெல்லைச் சீமையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். நம் சங்க விழாக்களுக்குத் தவறாது வருபவர்.

காப்பி அருந்தியபின் பெரியவர் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் பொதிந்த ஒரு பொருளை நம் கையில் வைத்தார். உள்ளங்கை அகலம், நீள்வட்டமான பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு துளை, மேலே சிறு சிறு பூக்கள். "எங்கப்பா பட்டாளத்துல இருந்தப்ப மலேயாவுலேருந்து கொண்டாந்தது தம்பி. ஜப்பான்காரன் கத்தியோட காப்பு. முந்நூறு வருசத்துப் பொருளாம். நகரத்துத் தரகர் ஒருத்தர் சொன்னார். வெளிநாட்டு ஏலத்துல பல இலட்சம் போகுமாம். பட்டியல்ல சேர்க்க முன்பணம் நாற்பதாயிரம் கேக்கார்" என்றார். பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்திற்கெனச் சேர்த்து வைத்திருந்த தொகையே அந்த நாற்பதாயிரம்.

எழுத்தர் வேலை பார்ப்பவருக்கு வாளைப் பற்றி என்ன தெரியும் என அன்பர்கள் வினவலாம். நியாயமான வினா. ஆண்டுகள் சிலவற்றுக்கு முன், ஓர் ஏலத்தில் 'தொன்மையான செப்புத் திருமேனி' என்று நம்பி, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு சிறு அம்மன் சிலையை நாம் வாங்கினோம். மூன்று திங்கள் கழித்து வேறொரு கடையில் அதே அம்மன் நின்றாள். இடக்கைச் சுண்டுவிரலில் அதே முறிவு. பீடத்தில் அதே கீறல். சுவாமிமலைச் சிற்பியர் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்தபின் கருவை உடைத்துவிடுவர். ஆதலின் ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக அமையாது. ஒரே ஊனம் இரண்டு சிலைகளில் இருக்குமானால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அந்த ஏமாற்றம் தந்த வடுவே நம்மைப் படிக்கத் தூண்டியது.

நம்மினும் பெரிய ஏமாற்றங்கள் நம் நாட்டில் நிகழ்ந்ததுண்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் உழவர் ஒருவரின் நிலத்திலிருந்து நடராசர் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன. அவை கோவிலிடம் ஒப்படைக்கப்பட்டுப் பின்னர்ச் செப்பனிடக் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்த நடராசர் போலி. உண்மையான நடராசர் மும்பை வழியாகக் கடல் கடந்தார். கோவிலில் இருப்பது உண்மைத் திருமேனி அன்று என்பதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியிட்ட நூலில் எழுதியபோதுதான் உலகம் விழித்தது. 1973இல் அமெரிக்கரான நார்ட்டன் சைமன் அதனைப் பெருந்தொகைக்கு வாங்கினார், வழக்குத் தொடர்ந்தது, 1976இல் உடன்பாடு ஏற்பட்டது, 1986இல் நடராசர் தாயகம் திரும்பினார். உண்மை வெளிப்படும்வரை அவ்வூர் மக்கள் போலியின் முன் நின்றே கைகூப்பினர்.

நிற்க. ஜப்பானிய வாளின் அலகுக்கும் பிடிக்கும் இடையே கையைக் காக்கும் தட்டுக்குச் 'சுபா' என்று பெயர். இரும்பை அடித்தும், செம்பில் சிறிதளவு பொன் சேர்த்த 'சகுடோ', செம்பில் வெள்ளி சேர்த்த 'சிபுயிச்சி' ஆகிய கலவைகளைக் கொண்டும் அதனைச் செய்தனர். கோத்தோ என்னும் குடும்பம் 15ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பதினேழு தலைமுறை இத்தொழிலில் நிலைத்தது. 1876இல் பொதுமக்கள் வாள் அணிதலை ஜப்பானிய அரசு தடை செய்தது. கைவினைஞர் வேலை இழந்தனர். சுபாக்கள் மேனாட்டார் சேகரிக்கும் கலைப்பொருள்களாயின. விலை ஏறிய இடத்தில் போலி வந்து குடியேறுதல் உலகியல்பு.

போலியை அறியும் வழிகள் சில உண்டு. அடித்துச் செய்த இரும்பின் மேனி செறிவாக இருக்கும். வார்ப்புப் போலியிலோ காற்றுக் குமிழ் விட்ட நுண்குழிகளும், விளிம்பைச் சுற்றி அச்சு பொருந்திய தடமும் தென்படும். பழைய இரும்பின் துரு ஆழ்ந்த பழுப்பு நிறத்துடன் வழுவழுப்பாக இருக்கும்; அமிலத்தால் ஊட்டிய துரு செம்பொடியாகக் கையில் ஒட்டும். நடுத்துளையில் வாளின் அடிமுனை உராய்ந்த தடமும், அதனைப் பொருத்த உளியால் தட்டிய குறியும், சிலவற்றில் செம்புச் செருகலும் இருக்கும். கைவினைஞர் பெயர் உளியால் வெட்டப்பட்டதாயின் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்ப்பில் வந்த எழுத்தோ சோப்புக்கட்டியில் தேய்ந்ததுபோல் மழுங்கியிருக்கும். இவை யாவும் ஐயத்தைத் தூண்டும் குறிகளே. முடிந்த முடிபு அல்ல. 1948இல் ஜப்பானில் தோன்றிய வாட்கலைப் பாதுகாப்புச் சங்கம் ஆராய்ந்து சான்றிதழ் வழங்குகிறது. ஏலப் பட்டியலின் சொற்களையும் கூர்ந்து படித்தல் வேண்டும். 'இன்னார் பெயர் பொறிக்கப்பெற்றது' என்பது வேறு. 'இன்னார் செய்தது' என்பது வேறு. கோப்புகளோடு வாழ்ந்த நமக்கு இவ்வேறுபாடு எளிதில் புலனாயிற்று.

பெரியவர் தந்த தட்டைச் சன்னல் ஓரம் வைத்துப் பார்த்தோம். பூக்கள் செர்ரிப் பூக்கள். உடன் இருந்த இரு மெல்லிய பித்தளை வளையங்களிலும் தட்டிலும் ஒரே எண் குத்தப்பட்டிருந்தது. ஐயம் நீங்கிற்று. 1930களில் ஜப்பானியத் தரைப்படை அதிகாரிகளுக்கெனத் தொழிற்சாலைகளில் செய்த வாள்களுக்குச் செர்ரிப்பூ அணிசெய்த பித்தளைக் காப்பே வழக்கம். ஒரு வாளின் உறுப்புகள் மற்றொன்றோடு கலவாதிருக்க அவற்றில் ஒரே எண்ணைக் குத்துவர். 1945 செப்டம்பரில் ஜப்பானியப் படை சரணடைந்தபோது அதிகாரிகள் ஒப்படைத்த வாள்கள் ஏராளம். பெரியவரின் தந்தை கொண்டு வந்தது அத்தகைய வாளொன்றின் உறுப்பே. முந்நூறு ஆண்டு அன்று. நூறு ஆண்டும் ஆகவில்லை.

தரகரின் கூற்றை நம் தொழில்முறையில் ஆராய்ந்தோம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. முந்நூறு ஆண்டுப் பொருளாயின் அதனை அயல்நாட்டு ஏலத்திற்கு அனுப்ப இயலாது. அனுப்ப இயலுமாயின் அது முந்நூறு ஆண்டுப் பொருள் அன்று. எப்படிப் பார்த்தாலும் பொய்யாவது தரகரின் சொல். பொருளைப் பார்க்கும் முன்னே முன்பணம் கேட்பவரிடம் விலகி நிற்பதே அறிவுடைமை.

இவற்றை எடுத்துரைக்க நா எழவில்லை. பேத்தி கதவருகே நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலட்சங்கள் வரும் என எண்ணியிருந்த வீட்டில், இல்லை என்று சொல்லுதல் எளிதன்று. ஒருமுறை சொல்லாது எழுந்துவிடலாமா என்றும் தோன்றிற்று. ஆயினும் அந்த நாற்பதாயிரம் ரூபாய் நம் கண்முன் நின்றது. சொல்லிவிட்டோம்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கேட்டார்: "அப்போ எங்கப்பா சொன்னது பொய்யா தம்பி?"

"இல்லை ஐயா. உங்கள் தந்தையார் முந்நூறு ஆண்டு என்று சொன்னாரா?"

"இல்ல. சண்டை முடிஞ்ச அன்னைக்கு ஜப்பான்காரன் கத்தியக் கீழ வச்சான், அதோட காப்புன்னுதான் சொல்வார்."

"அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் மெய். இத்தட்டே அதற்குச் சாட்சி. அதன்மேல் பிறர் ஒட்டிய கதைதான் போலி."

பெரியவர் முகத்தில் மெல்லிய நகை அரும்பிற்று. தட்டை மீண்டும் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தார். அன்று மாலை நாம் செய்யக்கூடிய பணியொன்று எஞ்சியிருந்தது. வங்கிக் கல்விக் கடனுக்கு என்னென்ன சான்றுகள் வேண்டும் என்று அப்பெண்ணுக்கு ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் நம் இல்லத்திற்கே வருமாறும் கூறினோம். தை பிறந்ததும் தாத்தாவும் பேத்தியும் வந்தனர். பங்குனியில் கடன் கிடைத்தது.

கலைப்பொருளின் போலியை அறிய உருப்பெருக்கியும் நூலறிவும் வேண்டும். நம்மை ஏய்ப்போரின் போலியை அறியவோ, நம் ஆசையைச் சற்றே ஒதுக்கி வைத்தால் போதும். இரண்டு மாதச் சம்பளத்தைத் தொலைத்து நாம் கற்ற பாடம் இது. அந்த அம்மன் இன்றும் நம் கூடத்தில் நிற்கிறாள்; விலைக்காக அன்று, நினைவூட்டலுக்காக.