இப்ப யாருகிட்ட கேப்ப?

தேர்தல் வரப்போகிறது என்று தெரிந்துதான் கணக்குக் கேட்டேன். ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் மனுவோடு கிளம்புகிறவனை ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். சொன்னது. யாரிடமோ காசு வாங்கிவிட்டான் என்றார்கள். அவனே நிற்கப்போகிறான் என்றார்கள். இரண்டும் இல்லை. ஆனால் நாள் பார்த்துக் கேட்டேன் என்பது மட்டும் உண்மை. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் ஒன்றிய அலுவலகம் இருக்கும் ஊரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் உண்டு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தகவல் உரிமை மனு என்று அடுத்தவர் பெயரில் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. எத்தனையோ ஊராட்சிகளின் வண்டவாளம் என் பிரிண்டர் வழியாகப் போயிருக்கிறது. என் சொந்த ஊராட்சிக்கு மட்டும் என் பெயரில் ஒரு காகிதம் போனதில்லை. காரணம் பெரிய ரகசியமில்லை. தலைவர் எனக்கு மாமன் முறை. கல்யாணம், கருமாதி என்றால் முதல் வரிசையில் முகம் பார்க்க வேண்டியவர். 'என்ன மாப்ள' என்று தோளில் கை போடுகிறவரிடம் கணக்குக் கேட்க எந்தச் சட்டமும் தைரியம் தருவதில்லை.

2016 கோடையில் எங்கள் கீழத்தெரு போர் வற்றிப்போனது. மோட்டாரைக் கழற்றி ஊராட்சி அலுவலகத் திண்ணையில் போட்டார்கள். டிராக்டரில் தண்ணீர் வந்தது. வராத நாளும் உண்டு. குடத்தோடு நின்ற வரிசையில் என் அம்மாவும் நின்றது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் அக்டோபரோடு முடியப்போகிறது, அதற்குள் கேட்டால்தான் உண்டு என்று தோன்றியது. பத்து ரூபாய் கோர்ட்பீ ஸ்டாம்பை ஒட்டி, ஐந்தாண்டு வரவு செலவு முழுவதையும் கேட்டு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டேன்.

பதில் வந்தது. கேட்ட விவரங்கள் அதிகமாக இருப்பதால் அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. தட்டிக்கழிக்க எழுதும் பதில் அது. என் கடைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு மனம் விட்டுப்போய்க் கிழித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் வாய்ப்பாக அமைந்தது. 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டம், காகிதம் வாங்குவதற்கு மட்டுமான சட்டமில்லை. ஆவணத்தை உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம், போட்ட ரோட்டிலிருந்து மாதிரிகூட எடுத்துத் தரச் சொல்லலாம்.

சணலில் கட்டிய வவுச்சர் கட்டுகளை ஒரு உதவியாளர் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, பைப்லைன் அடைப்பு, மோட்டார் காயில் கட்டியது. பெரிய வேலைகளில் கை வைப்பது அவ்வளவு சுலபமில்லை. எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, ஓவர்சியர் அளந்து எழுதும் எம்-புக் என்று பல கைகளைத் தாண்டவேண்டும். ஊராட்சியின் பொது நிதியிலிருந்து போகும் சில்லறைச் செலவுகளில்தான் யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. திரும்பக் கட்டிய காயிலை யார் அளப்பது?

கீழத்தெரு மோட்டாருக்குக் காயில் கட்டிய பில் ஒன்று அந்த ஏப்ரலில் இருந்தது. மோட்டார் திண்ணையில் கிடந்த மாதம். அதே மாதத்தில் அதே தெருவுக்கு டிராக்டர் தண்ணீர் அடித்த பில்லும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. கடைக்காரன் புத்தியில் இன்னொன்றும் பட்டது. அந்த மோட்டார் ரிப்பேர் கடையின் பில் எண்கள் 41, 42, 43 என்று வரிசையாக இருந்தன. தேதிகளோ பிப்ரவரி, ஏப்ரல், ஜூன். ஐந்து மாதத்தில் எங்கள் ஊராட்சியைத் தவிர வேறு ஒரு வாடிக்கையாளர்கூட வராத ரிப்பேர் கடை! பில் புத்தகம் வைத்திருக்கிறவனுக்குத்தான் இது சட்டென்று கண்ணில் படும். தணிக்கையில் கூட்டல் சரியா என்று பார்த்து டிக் அடித்திருந்தார்கள். கூட்டல் சரிதான்.

அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்று செப்டம்பர் இறுதியில் அறிவித்தார்கள். வேட்புமனு தாக்கல் தொடங்கிவிட்டது. மாமாவும் மறுபடி மனு போட்டார். நான் எடுத்த குறிப்புகளை ஒரே தாளில் அடித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 4 அன்று அந்தத் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றத்தின் காலம் முடிந்தது. ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அந்த வாரமே மாமா கடைக்கு வந்தார். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, "மாப்ள, இப்ப யாருகிட்ட கேப்ப?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

மூன்று வருடத்துக்கும் மேல் பதில் இல்லை. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிகளும் ஒருவர் தலையில். பழைய பில்லைப் பற்றிக் கேட்டால் "அது என் பீரியட் இல்லைங்களே" என்பார். அதுவும் நியாயம்தான். கிராம சபை நடந்தது. ஒரு பற்றாளர் தீர்மான நோட்டோடு வருவார், நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவார்கள், கலைந்துவிடும். 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கோரம். அந்த நூறைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதோடு சபை முடிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று 14-ஆவது நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது வேறு. பணமும் குறைவு, கேட்க ஆளும் இல்லை. அதிகாரிக்கு என் மனு ஒரு கோப்பு. முப்பது நாளுக்குள் பதில் போட்டால் அவர் கடமை முடிந்தது. அவருக்கு என் அம்மாவின் ஓட்டு வேண்டியதில்லை. மாமாவுக்கு வேண்டியிருந்தது. தேர்தல் நேரத்தில் கேட்பது அநாகரிகம் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: மற்ற நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மாமாவுக்குப் பதில் அத்தை நின்றார். எதிரில் பழைய துணைத் தலைவரின் மனைவி. ஒரு ராத்திரி கடையைச் சாத்தும் நேரத்தில் அந்தத் துணைத் தலைவர் வந்தார். "தம்பி, அந்த மோட்டார் பில் குறிப்பு உங்ககிட்ட இருக்காமே. கொடுங்க, பிட் நோட்டீஸா அடிச்சிருவோம். செலவு நம்மளுது" என்றார்.

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. காயில் பில்லுக்குப் போன பணத்திலும் இவர் கையெழுத்து உண்டு. அதை மெதுவாகச் சொன்னேன். "அதெல்லாம் அவரு நீட்டுனாரு, நான் போட்டேன் தம்பி" என்றார். அந்த ஒரு வரியை மட்டும் நோட்டீஸில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். போய்விட்டார்.

தேர்தல் சமயக் கேள்வியில் இருக்கும் சங்கடம் இதுதான். கேள்வி நம் வாயிலிருந்து வந்தாலும் யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நிற்கிறார். அப்புறம் அது அவருடைய கேள்வி; எதிராளியைப் பார்த்து மட்டும் கேட்கப்படும். ஆகவே மறுநாள் நானே ஒரு தாள் அடித்தேன். தலைவர் பெயர் இல்லை, துணைத் தலைவர் பெயரும் இல்லை. மோட்டார் ரிப்பேருக்கு எந்த மாதம் எவ்வளவு, பில் எண் என்ன, டிராக்டர் தண்ணீர் எந்த மாதம். கீழே ஒரே கேள்வி: ஜெயித்து வருகிறவர் கிராம சபையில் வவுச்சர் கட்டை மேசையில் வைப்பாரா? இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டீக்கடையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினேன். இரண்டு பக்கமும் என்மேல் கோபம். அதனாலேயே ஊர் அதை நின்று படித்தது என்று நினைக்கிறேன். இரண்டு வேட்பாளரும் 'வைப்போம்' என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டியதாயிற்று.

அத்தை ஜெயித்தார். என் தாளால் ஓட்டு மாறியது என்று சொன்னால் பொய். பங்காளி, மச்சான் கணக்குத்தான் அங்கே ஓட்டு.

2020 ஜனவரி 26 கிராம சபையில் வவுச்சரைக் கேட்டேன். வழக்கம்போல மாமாதான் மைக்கைப் பிடித்தார். "பழைய கதையெல்லாம் எதுக்கு மாப்ள" என்று ஆரம்பிப்பதற்குள் கீழத்தெருவிலிருந்து ஒரு பாட்டி எழுந்தது. "அந்த மோட்டாரு திண்ணையிலதானப்பா கெடந்துச்சு. எம் பேரன் அதுமேல ஏறி வெளாண்டான். அதுக்கு எங்க காயிலு கட்டுனீக?" கூட்டம் சிரித்தது. ஒன்றிய அலுவலகத்தில் நான் புரட்டிய கட்டுகளில் எங்கேயும் இல்லாத சாட்சி அது. அத்தை எழுந்து மாமாவிடமிருந்து மைக்கை வாங்கினார். "போனது போகட்டும், இனிமே எப்படின்னு சொல்லுங்க, எழுதிக்குவோம்" என்றார்.

போன பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தீர்மானம் மட்டும் எழுதப்பட்டது: மோட்டாரைக் கழற்றும்போதும் திரும்ப மாட்டும்போதும் அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும், பில்லின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். 'வேண்டும்' என்பதை 'முயற்சி செய்யப்படும்' என்று மாற்ற ஊராட்சிச் செயலர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். விடவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. அந்த வருடம் அக்டோபர் 2 கிராம சபையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். இருந்தாலும் பில் ஒட்டுவது விட்டு விட்டாவது நடந்தது. பிற்பாடு வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30 என்று பிளக்ஸ் பேனரில் போட்டு வைக்கச் சொல்லி மேலிருந்தே உத்தரவு வந்தது. பேனரில் மொத்தத் தொகைதான் இருக்கும். பில் எண் இருக்காது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த மன்றத்தின் காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்துவிட்டார். இந்த முறை நான் தனியாள் இல்லை. கீழத்தெருப் பையன்கள் இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலிருந்து 15-ஆவது நிதிக்குழுப் பணத்துக்கான வவுச்சர்களை ஆண்டுவாரியாக இறக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரிண்ட் என் செலவு. அந்த மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவாகவேண்டும் என்பது 2021-22 முதல் 2025-26 வரைக்குமான விதி. அதனால் எந்தத் தெருவில் எந்தக் குழாய் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிறோம். யார் நிற்கப்போகிறார்கள் என்று இன்னும் தெரியாது. தெரிவதற்குள் தாளை அடித்துவிட வேண்டும் என்று பையன்களை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.