காற்றின் திசை

காரைநகரைப் போன்ற தட்டையான தீவொன்றில் பிறந்தவர்களுக்குப் புயல் என்பது விலகி ஓடித் தப்பக்கூடிய அபாயமன்று. ஏறி நிற்க ஒரு குன்றில்லை. ஒதுங்கி மறைய ஒரு வனமில்லை. பொன்னாலைக் கடலின் மேல் போட்ட தெருவைத் தவிர வெளியேறத் தரைமார்க்கமும் இல்லை. ஆதலால், வானம் கறுத்துக் கடல் இரைந்து வருகிற வேளையில் வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டு, அது கடந்து போகும்வரை அந்த நேரத்தை எவ்வாறு தாங்குவது என்பதை எங்கள் முன்னோர் ஒரு வித்தையாகவே பயின்றிருந்தார்கள். அவ்வித்தை எனக்குச் சிறு பிராயத்தில், 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி இரவில் வாய்த்தது.

ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றப்படும் எங்கள் சிவன் கோயிலில் திருவாதிரை உற்சவம் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த வாரம் அது. தெற்கு அந்தமான் கடலிலே பிறந்த அப்புயல், திருகோணமலைப் பக்கமாகத் தரையேறி, இலங்கையின் வடபாகத்தைக் குறுக்கறுத்து மன்னாரை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாலைக்கு முன்பே, கிடுகு வேய்ந்த கொட்டில்களில் வசித்த அயலவர்கள் குழந்தைகளோடும் பாய்களோடும் எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடல் ஏறினால் கிணறு உவராகிவிடும் என்பதையும், நன்னீர் அருமையாகிய எங்கள் ஊரில் அது ஒரு நாளில் தீரும் கஷ்டமன்று என்பதையும் அறிந்திருந்த ஆச்சி, வீட்டிலிருந்த குடம், கிடாரம் யாவற்றிலும் தண்ணீரை நிரப்பி வைத்தார். கொட்டில் சரிந்தால் கட்டுண்ட மாடுகள் நசியும் என்று ஐயா அவற்றை அவிழ்த்துவிட்டார். பெட்டகம் இருந்த நடு அறையில், அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில், நாங்கள் எல்லோரும் நெருங்கி அமர்ந்தோம்.

காற்று ஓடுகளைப் பெயர்த்து எறியத் தொடங்கியபோது குழந்தைகள் அழுதனர். பெரியவர்கள் தேவாரம் பாடினர். எனக்கோ நாவும் வறண்டு போயிற்று. அப்போது, இளமையில் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்த அப்பு என்னை அருகே அழைத்து, "தம்பி, எந்த யன்னல் ஆடுது எண்டு கவனிச்சு எனக்குச் சொல்லிக்கொண்டிரு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையால் என் நிலைமை முற்றாக மாறிற்று. அதுவரை என்னை விழுங்க வந்த பூதமாகத் தோன்றிய காற்று, அக்கணம் முதல் நான் செவிகொடுத்துக் கேட்கவேண்டிய செய்தியாயிற்று. முதலில் வடக்கு யன்னல் அதிர்ந்தது. பின் வெகுநேரம் கிழக்கு யன்னல் பிளந்துவிடும்போல் துடித்தது. நடுநிசியை அண்டிய வேளையில் தெற்கு யன்னலும் ஆடத் தொடங்கிற்று. நான் சொல்லச் சொல்ல, அப்பு கண்ணை மூடியபடி தலையசைத்துக்கொண்டிருந்தார். நமது வடகோளத்தில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழல்வதனால், காற்றை எதிர்நோக்கி நிற்பவனுக்குப் புயலின் மையம் ஏறக்குறைய வலப்பக்கத்தில் இருக்கும் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். வாடையாக வீசியது கொண்டலாகி, கொண்டல் தென்கிழக்கே திரும்பினால், புயல் எங்களுக்குத் தெற்காக நகர்ந்து தென்மேற்கே கடந்துவிட்டது என்பது பொருள். அப்பு இதை நூலிற் கற்றவரல்லர், கடலிற் கற்றவர்.

தெற்கு யன்னல் ஆடியதைக் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்து, "எங்களுக்கு இனிப் பயமில்லை. ஆனா அங்கால கிடக்கிற சனத்துக்காகக் கும்பிடுங்கோ" என்றார். அவ்வார்த்தையின் முழு அர்த்தமும் சில நாட்களின் பின்னரே எங்களுக்கு விளங்கிற்று. எங்கள் தீவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், அதே நடுநிசியில், தனுஷ்கோடியைக் கடல் மூடியிருந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலையில் அமிழ்ந்திருந்தது. தலைமன்னாரிற் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, இராமேசுவரத்துக்கும் தில்லைக்கும் எங்கள் ஊரவர் யாத்திரை போன வழி அது. எங்களை விட்டுக் காற்றுத் திரும்பியதென்று நாங்கள் பெருமூச்செறிந்த நாழிகையே அங்கே கடலிற் சிக்கியவர்களுடைய அந்திய நாழிகையாயிற்று.

இன்று புயலுக்குப் பெயரிடுகிறார்கள். அதன் பாதையைச் செயற்கைக்கோள்கள் நாட்கணக்கில் முன்கூட்டியே காட்டுகின்றன. 2008இல் நிஷாவும் 2020இல் புரெவியும் யாழ்ப்பாணப் பிரதேசத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, 1964இல் எங்களுக்கு எட்டாத அறிவு எத்தனையோ பேருக்குக் கைவசம் இருந்தது. அதை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும், எந்த எச்சரிக்கையும் வாசற்படியோடு நின்றுவிடும். கதவைச் சாத்திய பின் உள்ளே இருக்கும் பயத்தை ஆளவேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்களே. பயந்தவனிடம் "பயப்படாதே" என்று சொல்வதால் பயன் விளைவதில்லை. அவன் வயதுக்கேற்ற மெய்யான காரியமொன்றை, அவன் செய்யாவிட்டால் குறைபடும் காரியமாகவே ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளைக்கும் அப்படியே, கிழவருக்கும் அப்படியே.

ஆனால் அப்பு எனக்குக் கற்பித்தது அவ்வளவோடு முடியவில்லை. நமக்குத் தப்பிய புயல் அழிந்து போவதில்லை. வேறொருவர் கூரையை நாடிப் போகிறது. ஆகையால், ஆபத்து நீங்கியதென்று அறிந்த மாத்திரத்தில், அது யாரிடம் போயிற்று என்று விசாரிப்பதும், விடிந்ததும் கையிலுள்ள அரிசியோடும் துணியோடும் அவர்களைத் தேடிப் போவதும், வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவர்களுக்கு உரிய கடமையாகும்.